காகிதம் இருக்கிறதா என்று கேட்ட கணினி

எண்பதுகளின் இறுதி. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு வியாபார நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் புரோகிராமராகச் சேர்ந்திருந்தேன். கரமனையிலிருந்து பஸ்ஸில் வருவேன். எங்கள் தெருவில் கணினியைத் தொட்ட முதல் பெண் நான்தான். அந்தத் தலைக்கனம் நிறையவே இருந்தது.

கவடியாரில் இருந்த எங்கள் கிளையில் இன்னொரு கணினி. இரண்டையும் ஒரு தனித் தொலைபேசிக் கம்பி இணைத்திருந்தது. தினமும் சாயங்காலம் அங்கே உட்கார்ந்து, அன்றைய விற்பனைக் கணக்கை முடிக்கும் கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கொடுப்பதற்கு ஒரு ஆபரேட்டர் இருந்தார். சொந்த ஊர் நாகர்கோவில். தினமும் ரயிலில் வந்துபோகிறவர். வீட்டில் கைக்குழந்தை. கணக்கு முடிய நேரமானால் ரயில் போய்விடும். பிறகு பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் குழந்தை பாலுக்கு அழுது அழுது தூங்கியிருக்கும். அவரை நான் பார்த்ததே இல்லை. போனில் கேட்ட குரல்தான் பழக்கம். ஆபீஸ் வழக்கப்படி, அக்கா என்பதற்குச் சேச்சி என்று கூப்பிடுவேன்.

எனக்குக் கொடுத்த வேலை இதுதான். கிழக்கேகோட்டையில் ஓடும் என் புரோகிராமே கவடியார் கணினிக்குக் கட்டளைகளை அனுப்பி, அங்கே கணக்கை ஓடவிட்டு, முடிவை இங்கே வாங்கவேண்டும். அது நடந்துவிட்டால் சேச்சி ஐந்து மணிக்கே கிளம்பலாம். எனக்கும் வேலை நிரந்தரமாகும். நடக்காவிட்டால் 'பார்க்கலாம்' என்றார் மேனேஜர். அவர் பாஷையில் அதற்கு வீட்டுக்குப் போ என்று அர்த்தம்.

ஒரு வாரம் பகலில் சோதித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. மெஷின் என் பேச்சைக் கேட்கிறது என்று வீட்டில் அளந்துகொண்டிருந்தேன்.

பெரிய அதிகாரிகள் பார்க்க வந்த அன்று, சேச்சியை ஐந்து மணிக்கே அனுப்பிவிட்டார்கள். கவடியாரில் வாட்ச்மேன் மட்டும். நான் புரோகிராமைத் தட்டிவிட்டேன். கட்டளைகள் போயின. அவ்வளவுதான். திரை அப்படியே நின்றுவிட்டது.

டீ வந்தது, குடித்தார்கள், கிளாஸ்களும் திரும்பிப் போயின. திரை அசையவில்லை. "எந்தாயி மோளே, நின்னு போயோ?" என்று மேனேஜர் தன் மலையாளத்தில் மெதுவாகக் கேட்டார். நான் கம்பி இணைப்பைச் சரிபார்த்தேன். ஒரு அதிகாரி பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டார்.

திடீரென்று திரை நகர்ந்தது. கணக்கு வரிவரியாக வந்து விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் அசடு வழியச் சிரித்தபோது போன் அடித்தது.

"மக்ளே, வந்துட்டா?" சேச்சிக்கு மூச்சு வாங்கியது.

"சேச்சி, நீங்க ரயிலுக்குப் போகலியா?"

"போனேன். தம்பானூர்ல பிளாட்பாரத்துல நிக்கும்போதுதான் சந்தேகம் வந்துது. காகிதம் இருக்கான்னு அது எப்பவும் கேக்குமில்லா? நாந்தானே அமுக்கிவிடுவேன். இண்ணைக்கு யாரு அமுக்குவான்னு ஆட்டோ பிடிச்சு வந்துட்டேன்."

பிரிண்டர் ஓடுவதற்கு முன்னால் அந்தக் கணினி 'காகிதம் இருக்கிறதா, விசையை அழுத்தவும்' என்று கேட்குமாம். அந்தக் கேள்வி அங்கே உள்ள திரையில் மட்டும்தான் வரும்; எனக்கு வராது. பகலில் சோதித்த அந்த வாரம் முழுக்க அதற்குப் பதில் சொன்னது என் புரோகிராம் இல்லை, சேச்சியின் விரல்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை எனக்குத்தான். ஆனால் நாளை முதல் அவர் யாருக்கும் சொல்லாமல் உட்கார்ந்து அந்த விசையை அழுத்துவார். அழுத்துகிற மனுஷிதான் அவர். ரிசீவரை வைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் உள்ளதைச் சொன்னேன். அழுகையும் வந்துவிட்டது.

மேனேஜர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவங்க இப்போ எவிடே?"

"கவடியார்லதான் சார். ரயில் போயிடுத்து."

"டிரைவரை விளி. பரீட்சை பின்னே வைக்கலாம். முதல்ல அவங்க குழந்தைகிட்ட போய் எத்தட்டே."

ஜீப்பில் நானும் தொற்றிக்கொண்டேன். அன்றுதான் சேச்சியின் முகத்தைப் பார்த்தேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். "ஏன் சேச்சி இத்தனை நாள் சொல்லலை?" என்றேன். "நீ எழுதினதுலே அதும் உள்ளதாக்கும்னு நினைச்சேன். கெட்டிக்காரி, எனக்கும் ஒரு வேலை மிச்சம் வெச்சிருக்கான்னு" என்று சிரித்தார். வழி நெடுக முந்தானையை மார்போடு இழுத்துப் போர்த்திக்கொண்டே வந்தார். குளிர்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நாகர்கோவிலில் அவர் வீட்டு வாசலில் ஜீப் நிற்பதற்குள் உள்ளே அழுகுரல் கேட்டது. குதித்து ஓடினார். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது.

மறுவாரம், சேச்சி கிளம்புவதற்கு முன்பே காகிதக் கேள்வியைக் கேட்டுவிடும்படி கட்டளைகளை மாற்றி எழுதினேன். இரண்டாம் பரீட்சையில் அங்கே யாரும் இல்லாமலே ஓடியது. என் வேலையும் நிலைத்தது. சேச்சிக்கு ரயில் தவறவில்லை.

பிறகு எனக்கும் குழந்தை பிறந்து, ஒருநாள் ஆபீஸில் நேரமாகி, பால் கட்டி ரவிக்கை நனைந்தபோதுதான் அந்த முந்தானை எனக்குப் புரிந்தது. இன்று என் புரோகிராம்கள் முகம் தெரியாத ஊர்களில் உள்ள கணினிகளை ஓட்டுகின்றன. ஏதாவது ஒன்று ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்துவிட்டால், அந்தப் பக்கம் யாராவது ரயிலை விட்டுவிட்டு எனக்காக உட்கார்ந்திருக்கிறார்களோ என்று இன்னமும் மனசு அடித்துக்கொள்கிறது.