பதினான்கு மில்லிமீட்டர்

கேமரன் மலைக்கு மாற்றலாகி வந்த முதல் வருடம், நாலாம் ஆண்டுக்கு அறிவியல் பாடம் எனக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி அது. வகுப்பில் பதினொரு பிள்ளைகள். நான் கடலோரத்துக்காரி. மலையில் மழை பெய்தாலே ஜன்னல் வழியாக மேட்டையே பார்த்துக் கொண்டிருப்பேன். மேட்டுக்கு அடியில் கட்டிய கட்டடத்துக்குள் உட்கார்ந்து கொண்டு எப்படி இவர்களால் நிம்மதியாகப் பாடம் நடத்த முடிகிறது என்று மற்ற ஆசிரியர்களைப் பார்த்து வியந்திருக்கிறேன். இதே மலையில் உள்ள லெம்பா பெர்த்தாமில் 2013-இல் வீடுகளுக்குள் சேறு புகுந்ததை இங்கே எல்லோரும் சொல்வார்கள், ஆனால் யாரும் அதைப் பயந்து சொல்வதில்லை. பயந்தது நான்தான்.

முதல் பாடம் உற்றறிதல். இரண்டாவது அளவெடுத்தல். இரண்டையும் சேர்த்து ஒரு வேலை கொடுத்தேன். ஆளுக்கொரு பொருளைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுத வேண்டும். சிலர் அவரைச் செடி என்றார்கள். சிலர் வெட்டிய போத்தலில் மழைநீர் பிடித்தார்கள். ஒரு பையனும் ஒரு பெண்ணும் மட்டும் கட்டடத்துக்குப் பின்னால் மேட்டைத் தாங்கி நிற்கும் கல்சுவரில் இருந்த வெடிப்பைக் காட்டினார்கள்.

"வெடிப்பு வளராதேம்மா," என்றேன்.

"வளருதா இல்லையான்னு பார்க்கத்தான டீச்சர் அளக்கச் சொன்னீங்க?" என்றாள் அந்தப் பெண். அவள் அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். அவர்கள் வீடு பள்ளிக்குக் கீழே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில்.

சரி என்று விட்டேன்.

அன்று அளந்ததெல்லாம் தப்பு. பதினொரு பேரில் ஏழு பேர் அடிக்கோலின் ஓரத்தை வைத்து அளந்திருந்தார்கள். பூஜ்யக் கோடு ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். பூஜ்யத்தில் வை. கண்ணை நேராக வை, சாய்ந்து பார்க்காதே. வெடிப்புக்கு மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்து, தினமும் அந்தக் கோட்டிலேயே அளக்கச் சொன்னேன். நினைத்ததை எழுதாதே, பார்த்ததை எழுது என்று கரும்பலகையில் பெரிதாக எழுதி வைத்தேன்.

இருவரும் மாறி மாறி அளந்தார்கள். திங்கள், பையன், 14 மில்லிமீட்டர். செவ்வாய், அவள், 14. புதன், பையன், 16. வியாழன், அவள், 14. வெள்ளி, பையன், 18.

வெள்ளிக்கிழமை நோட்டைப் பார்த்துவிட்டுப் பையனைத்தான் திட்டினேன். "சாய்ந்து பார்க்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? அவ எழுதினதைப் பார், ஒழுங்கா ஒரே அளவா இருக்கு." அவன் முகம் சிவந்து போய் நின்றான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடாத மழை. பிரிஞ்சாங் டவுனில் நான் வாடகைக்கு இருந்த அறையில் போர்வைக்குள் கிடந்தபடி அந்த எண்களையே நினைத்துக் கொண்டிருந்தேன். பதினாறு, பதினெட்டு. தப்பாக அளக்கிறவன் ஒருநாள் கூடவும் ஒருநாள் குறையவும்தானே அளப்பான்? இவன் எழுதியது ஏன் கூடிக்கொண்டே போகிறது?

திங்கட்கிழமை அவள் முறை. நோட்டில் 14 என்று எழுதியிருந்தாள். ஓய்வு மணி அடித்ததும் யாரிடமும் சொல்லாமல் அடிக்கோலோடு பின்பக்கம் போனேன். 20. கோலைச் சரியாக வைக்கவில்லையோ என்று மறுபடி வைத்தேன். 20. மூன்றாவது தடவை 21.

அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். கோபப்படக் கூடாது என்று நினைத்தாலும் குரல் உயர்ந்துவிட்டது. "இன்னிக்கு அளந்தியா இல்லையா?"

"அளந்தேன் டீச்சர்."

"எவ்வளவு இருந்துச்சு?"

தரையைப் பார்த்துக் கொண்டே சொன்னாள். "இருபது."

"அப்புறம் ஏன் பதினாலுன்னு எழுதின?"

"செவுரு பெருசா வெடிச்சா ஸ்கூல மூடிருவாங்கன்னு அம்மா சொன்னாங்க. மூடிட்டா கம்போங் ராஜா ஸ்கூலுக்குப் போகணும். அந்தப் பஸ்ல போனா எனக்கு வாந்தி வரும் டீச்சர்."

அழுதாள். நானும் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையில் கை வைத்துக் கொண்டு நின்றேன். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை நானும் பதினான்கைத்தானே நம்ப விரும்பினேன்? பார்த்ததை எழுதியவனைத் திட்டியவள் நான்.

நேரே தலைமையாசிரியரிடம் போனேன். ஓய்வு பெற இரண்டு வருடமே இருந்த மனிதர். பிள்ளைகள் குறைந்துகொண்டே வரும் பள்ளியை எப்படியாவது நிறுத்தி வைக்க வேண்டும் என்ற கவலையிலேயே இருப்பவர்.

"பிள்ளைங்க அளந்ததா டீச்சர்? மழைக்காலத்துல எல்லாச் சுவரும் கொஞ்சம் வெடிக்கும்லா. நாம பொதுப்பணித் துறைக்குப் போன் போட்டு, அவங்க வந்து ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா அசிங்கமாப் போயிடும்."

"நீங்களே ஒரு தடவை அளந்து பாருங்க சார்."

வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக் கொண்டு குனிந்தார். அடிக்கோலை இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். "இருபதுதான்," என்றார். பிறகு, "நாளைக்குக் காலையிலயும் பார்ப்போம்," என்றார்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. காலையில் ஏழு மணிக்கு முன்பே அவர் அங்கே நின்றிருந்தார். நான் போனபோது அடிக்கோலை என்னிடம் நீட்டினார். 23. அவர் நேரே அலுவலகத்துக்குப் போய் போனை எடுத்தார். முதல் பாடவேளை தொடங்குவதற்குள் பின்வரிசை வகுப்புகள் இரண்டையும் சிற்றுண்டிச் சாலைக்கு மாற்றிவிட்டோம்.

மதியம் ஒரு மலாய்க்கார அதிகாரி இரும்பு டேப்போடு வந்தார். சுவரையும் மேட்டையும் பார்த்த பிறகு, நான் காட்டிய நோட்டைப் புரட்டினார். "சியாப்பா உக்கூர்?" யார் அளந்தது என்று கேட்டார். இருவரும் முன்னால் வந்தார்கள். அவள் தன் 14-கள் மேல் விரலை வைத்து, "இனி சாலா, என்சிக். சாயா தீப்பு," என்றாள். இது தப்பு, நான் பொய்யாக எழுதினேன் என்று. அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. தன் பேனாவைக் கொடுத்து, அந்த எண்கள் மேல் ஒற்றைக் கோடு போடச் சொன்னார். அழிக்கக் கூடாது. பக்கத்தில் வேறு எண்ணும் எழுதக் கூடாது. தெரியாத நாள் காலியாகவே இருக்கட்டும் என்றார். பையன் எழுதியவற்றை மட்டும் தன் தாளில் குறித்துக் கொண்டார். மறுநாள் காலை நான் வகுப்பின் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல டீச்சர்," என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

அந்த வாரமே மேட்டை நீல நிறத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பின்பக்கம் யாரும் போகக் கூடாதென்று கயிறு கட்டினார்கள். சனிக்கிழமை நண்பகல், பள்ளியில் யாரும் இல்லாதபோது சுவர் சரிந்தது. காலியாகக் கிடந்த இரண்டாம் ஆண்டு வகுப்பறையின் பின் ஜன்னலை உடைத்துக் கொண்டு மண் உள்ளே வந்து, பிள்ளைகளின் நாற்காலிகளை மூடியிருந்தது. செய்தி கேட்டு ஓடிப்போய் வாசலில் நின்று அந்தச் சின்ன நாற்காலிகளை எண்ணினேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளியை மூடவில்லை. புதுச் சுவர் எழும்பும் வரை பல மாதங்கள் சிற்றுண்டிச் சாலையில்தான் பாடம் நடந்தது. கறி தாளிக்கும் வாசனையில் பிள்ளைகளுக்குப் பதினொரு மணிக்கே பசிக்கும்.

சரிந்த மறுவாரம் அந்தப் பெண்ணின் அம்மா, கொழுந்து பறிக்கும் வேலை முடிந்த கையோடு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் என்னைத் தேடி வந்தார். திட்டப் போகிறாரோ என்று எழுந்து நின்றேன்.

"எங்க லயத்துக்குப் பின்னாலயும் ஒரு மேடு இருக்கு டீச்சர்," என்றார். "அதுல ஒரு கோடு மாதிரி தெரியுது. ஒருக்கா வந்து பார்க்கிறீங்களா?"

எனக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். தெரிந்தவரின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் நகரவில்லை. வெளியே மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. குடையை எடுத்துக் கொண்டு அவருடன் இறங்கினேன்.