கிராவலுக்குக் கீழே

பேருந்து நிலையத்துக்குத் தெற்கே பிரிகிற அந்தத் தெருவில் பொன்னுத்தாய் குடியிருந்த இடங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் சொந்த வீடும் கிடையாது, வாடகை வீடும் கிடையாது. எங்கே அஸ்திவாரம் தோண்டுகிறார்களோ அங்கே அவளும் புருஷன் பிச்சைமுத்துவும் சட்டி பானையோடு வந்து இறங்குவார்கள். கம்பிக்கும் சிமெண்ட் மூட்டைக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் காவல். தளம் போட்டதும் தளத்துக்கு அடியில் குடித்தனம். சுவர் எழும்பினால் ஓர் அறைக்குள். கண்ணாடி மாட்டி, வெள்ளையடித்து, திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டுவதற்கு முன்னால் அங்கிருந்து கிளம்பி அடுத்த பள்ளத்துக்குப் போய்விட வேண்டும்.

"வெள்ளையடிக்காத வரைக்கும்தான் நம்ம வீடு" என்பார் பிச்சைமுத்து.

ஜவுளிக்கடை வாசலில் பொம்மைகள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் பொன்னுத்தாயின் அடுப்பு இருந்தது. மருந்துக்கடையில் ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் மூலையில்தான் மகள் செல்வராணி பெரிய மனுஷியாகி, செங்கலை மணையாகப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கறம்பக்குடியில் கட்டிக்கொடுத்துப் பிள்ளைகளும் ஆகிவிட்டன. ஆனாலும் ஏதாவது கடைக்குள் நுழைந்தால் பொன்னுத்தாய்க்குக் கால் தானாகப் பழைய இடத்துக்குப் போய் நின்றுவிடும்.

"என்னக்கா வேணும்? ரொம்ப நேரமா நிக்கிறீங்க" என்று கடைப் பெண்கள் கேட்பார்கள்.

"ஒண்ணும் வேணாம் தாயி. ஏசி காத்துக்கு நின்னேன்."

"காத்துக்குக் காசு கேக்குறதுக்குள்ள கெளம்புங்க" என்று சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு வந்துவிடுவாள்.

ஆனால் தெரு முக்கில் இருக்கிற கட்டடத்துக்குள் மட்டும் அவள் போனதில்லை. பிச்சைமுத்து விழுந்தது அங்கேதான்.

அப்போது அது வெறும் பில்லரும் மேலே ஒரு தளமுமாக நின்றது. புதுத் தளம் இறுகுவதற்காகப் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், மாடிப்படிக்காக விட்டிருந்த ஓட்டை வழியாக, வாசலிலிருந்து மூன்றாவது பில்லரை ஒட்டிக் கீழே வந்து விழுந்தார். நட்டநடுப் பகல். கொத்தனார் இன்னாசி ஓடிவந்து தலையைத் தூக்கி மடியில் வைத்தார். பொன்னுத்தாய் தண்ணீர் எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குடிக்காத தண்ணீர் அந்த மண்ணிலேயே கொட்டியது.

கட்டட முதலாளி காரிலிருந்து இறங்கி, முதலில் தெருவைப் பார்த்தார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே வந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியில போயிட்டாருன்னு சொல்லிக்கம்மா. கட்டடத்துக்குள்ள உசுரு போச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் கடை எடுப்பான்? ஒன்னைய வெளிய அனுப்ப மாட்டேன். காவலுக்கு நீயே இருந்துக்க."

கல்யாணத்துக்கு நிற்கிற மகளை வைத்துக்கொண்டு எங்கே போவாள்? சரி என்று தலையாட்டினாள். அடுத்த வாரமே வல்லத்திராக்கோட்டைப் பக்கமிருந்து லாரி லாரியாகச் செங்கிராவல் மண் வந்து இறங்கியது. தரையை உயர்த்த, பேஸ்மெண்டை இடுப்பு உயரத்துக்கு நிரப்ப வேண்டும். சித்தாள்களோடு அவளும் சும்மாடு கட்டிச் சட்டி சுமந்தாள். மூன்றாவது பில்லரை ஒட்டி முதல் சட்டியைக் கொட்டியது அவள்தான். வேறு யாரும் கொட்டிவிடக் கூடாது என்று முந்திப்போய்க் கொட்டினாள்.

அவர்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. படுக்கையில் போகாமல் விழுந்தோ அடிபட்டோ போனவர்களை, உயிர் போன இடத்துக்குப் போய் அழைத்துவர வேண்டும். அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு, பேரைச் சொல்லி, வாய்விட்டு, எழுந்து வீட்டுக்கு வா என்று கூப்பிட வேண்டும். மனசுக்குள் கூப்பிட்டால் கேட்காது. அள்ளிய மண்ணை வீட்டு விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்து, பிறகு குளத்தில் கரைத்துவிட்டால் செத்தவருக்கு அலைச்சல் இல்லை. கூப்பிடாமல் விட்டால் விழுந்த இடத்திலேயே நிற்பார். யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே நிற்பார்.

பிச்சைமுத்துவை யாரும் கூப்பிடவில்லை. வழியில் செத்தார் என்று சொன்னவள் எந்த முகத்தோடு முக்குக் கட்டடத்துக்குள் நின்று கூப்பிடுவாள்?

கட்டடம் முடிந்து முதலில் ஒரு செல்போன் கடை வந்தது. மூடினார்கள். பேக்கரி வந்தது. அதையும் மூடினார்கள். பிறகு வந்த பிரியாணிக் கடை, அடுப்புப் புகை சுவரில் ஏறுவதற்கு முன்பே பூட்டிக்கொண்டு போனது. பார்க்கிங் இல்லை என்றார்கள், வாடகை தாங்கவில்லை என்றார்கள். எதிர்ச்சாரி டீக்கடையில், "அந்த எடம் ராசியில்ல மாப்ள. ஈ கூட அங்கிட்டுப் போயிட்டு இங்கிட்டு வந்துதான் உக்காருது" என்று பேசிக்கொண்டார்கள். கண்ணாடி டம்ளரைப் பிடித்தபடி பொன்னுத்தாய் கேட்டுக்கொண்டிருப்பாள். உடம்பு கூசும். அதற்குள்ளே ஓர் ஆறுதலும் இருக்கும். மனுஷன் இன்னும் அங்கேதான் நிற்கிறார்.

ஒவ்வொரு கடை மூடும்போதும் அவள் காத்திருந்தாள். அடுத்தவர்கள் வந்து இடிப்பார்கள், மாற்றுவார்கள். போர்டு மாறியது, கண்ணாடி மாறியது, ஃபால்ஸ் சீலிங் மாறியது. தரையை மட்டும் யாரும் தொடவில்லை.

இந்தத் தை மாதம்தான் தரையை உடைத்தார்கள். சிவரஞ்சனி என்ற பெண் அந்த இடத்தை மெஸ் நடத்த எடுத்திருந்தாள். குளத்தூர்க்காரி. புருஷன் ரகுநாத் அபுதாபியில் இருந்தான். கை கழுவும் இடத்தை மூன்றாவது பில்லருக்குப் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து பின்பக்கச் சாக்கடைக்குக் குழாய் கொண்டுபோக வேண்டும் என்று அவள் சொன்னாள். வேலையை எடுத்தவர் அதே இன்னாசி.

அப்போது பொன்னுத்தாய் எதிர்ச்சாரியில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்துக்குக் காவல் இருந்தாள். டைல்ஸ் உடைகிற சத்தம் கேட்டதும் தெருவைக் கடந்து வந்தாள்.

"கொத்தனாரே, சித்தாள் வேணுமா?"

இன்னாசி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மூட்டு வலின்னு போன வாரம்தானே அழுத?"

"இன்னிக்கு வலிக்கல."

அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, மண்வெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

டைல்ஸ் போய், கான்கிரீட் போய், சிவப்பு மண் தெரிந்தது. பொன்னுத்தாய் ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துவிட்டாள். முடிந்த பிறகுதான் உறைத்தது. இது லாரியில் வந்த மண். அவள் தலையிலிருந்து விழுந்த மண். பிச்சைமுத்துவுக்கு இந்த மண்ணைத் தெரியவே தெரியாது. அவர் கிடந்த தரை இதற்கும் கீழே இடுப்பு ஆழத்தில் இருக்கிறது.

முடிச்சை அவிழ்த்து உதறிவிட்டு மறுபடியும் வெட்ட ஆரம்பித்தாள்.

"குழாய்க்கு இது போதும்க்கா" என்றார் இன்னாசி.

அவள் நிறுத்தவில்லை. கிராவல் இறுகிக் கல்லாகக் கிடந்தது. இன்னாசி கடப்பாரையை எடுத்துக்கொண்டு தானும் குழிக்குள் இறங்கினார். நெம்பிக் கொடுத்தார்.

டீத்தூக்கோடு வந்த சிவரஞ்சனி குழியைப் பார்த்துத் திகைத்தாள். "என்னண்ணே, கெணறா வெட்டுறீங்க?"

"குழாய்க்கு வாட்டம் வேணும்ல தாயி. தண்ணி எதுத்துக்கிட்டு வந்தா, சாப்பிடுறவன் எலையத் தூக்கிக்கிட்டு ஓடுவான்."

அவள் சிரித்துக்கொண்டே டீ ஊற்றினாள். அந்த நேரத்தில் பொன்னுத்தாயின் மண்வெட்டிக்கு மெத்தென்ற மண் தட்டுப்பட்டது. சாம்பல் நிறம். சிமெண்ட் பால் சிந்தி இறுகிய பொருக்கு. துருப்பிடித்த சென்ட்ரிங் ஆணி ஒன்று. மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் கிளறினாள். ஒரு பிடி அள்ளினாள். இனி கூப்பிட வேண்டும்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்றாள் சிவரஞ்சனி, குழியின் விளிம்பில் குத்தவைத்து. குரல் தணிந்திருந்தது. "நீங்க இந்தத் தெருவுலயே இருக்கவங்க. இந்த எடத்தப் பத்தி என்னென்னமோ சொல்றாங்க. வந்த கடையெல்லாம் மூடிட்டாங்களாமே. இங்க எதுவும் நடந்துச்சா? யாரும் செத்துக்கித்துப் போனாங்களா?"

இன்னாசியின் கடப்பாரை அப்படியே நின்றது.

"அவருக்கு அங்க வேலை போயிருச்சுக்கா" என்று சிவரஞ்சனி தொடர்ந்தாள். "அடுத்த மாசம் வந்துருவாரு. வந்து எறங்குறப்ப சும்மா இருக்கோம்னு நெனைக்கக் கூடாது பாருங்க. அதான் அவரு வாரதுக்குள்ள தொறந்துரணும்னு கெடந்து அடிச்சுக்கிறேன். இருந்தா இப்பவே சொல்லிருங்க. விட்டுட்டுப் போயிர்றேன்."

பொன்னுத்தாய் கையை மூடிக்கொண்டாள். ஆமாம் என்று சொன்னால் போதும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அழுது, அழைத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவன் பூட்டிய கடைக்கு முன்னால் பெட்டியோடு நிற்பான்.

"இங்க யாரும் சாகல தாயி" என்றாள். "கடை போட்டவங்களுக்குச் சமைக்கத் தெரியல. அம்புட்டுத்தான்."

சிவரஞ்சனிக்கு முகம் தெளிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவள் எழுந்து போகவே இல்லை. குழியோரத்திலேயே உட்கார்ந்து, சாம்பாருக்கு எந்தப் பருப்பு, காலையில் பொங்கல் போகுமா என்றெல்லாம் பேசிக்கொண்டே இருந்தாள். "தொறந்ததும் பாத்திரம் கழுவ நீங்கதான் வரணும்" என்று உரிமையோடு சொன்னாள். கூப்பிட இடம் கிடைக்காமலே குழாய் இறங்கியது. மண் மூடியது. சாயங்காலத்துக்குள் இன்னாசி கான்கிரீட் பூசி மட்டப்பலகை இழுத்துவிட்டார். கிளம்பும்போது பொன்னுத்தாயிடம், "ரெண்டாவது தடவையும் இல்லேன்னு சொல்லிட்டியேக்கா" என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனால் இன்னும் வலித்தது.

கூப்பிடாமல் அள்ளிய மண் வெறும் மண்தான். அதை அவள் ஒரு பாட்டிலில் போட்டு, தன் அறையில் விளக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆனால் விளக்கை ஏற்றவில்லை.

மெஸ் திறந்தார்கள். ரகுநாத் வந்து சேர்ந்து கல்லாவில் உட்கார்ந்தான். முதல் வாரமே கூட்டம். கோர்ட்டு வக்கீல்கள், டிரைவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று வாசல் வரை நின்றார்கள். "அக்கா வாய் முகூர்த்தம்" என்று சிவரஞ்சனி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். பின்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பொன்னுத்தாய்தான் வேறு கணக்குப் போட்டாள். இத்தனை கடைகளை இருக்கவிடாத மனுஷன், இதை எப்படி விட்டார்? கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாரா? குழியில் அவள் குரலைக் கேட்டு, யாரும் சாகல என்று சொன்னதையும் கேட்டு, எங்காவது போய்விட்டாரா? கூட்டம் கூடக் கூட அவளுக்குப் பயம் கூடியது. ஒருநாள் பந்தி காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக அன்று முழுக்க சிவரஞ்சனியின் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். சாப்பிட வந்தவர்களுக்கு உட்கார இடமில்லை. கிரைண்டர் ஓடுகிறது, எக்ஸாஸ்ட் ஃபேன் இரைகிறது, "அங்கிட்டு ரசம், இங்கிட்டு ஒரு அப்பளம்" என்று பரிமாறுகிறவர்கள் கத்துகிறார்கள். கழுவிய டம்ளர்களை எடுத்துக்கொண்டு மூன்றாவது பில்லரைக் கடக்கும்போது பொன்னுத்தாய் நின்றாள். பக்கத்தில் கை கழுவுகிறவனுக்குக்கூடத் தன் இருமல் கேட்காது என்று தோன்றியது.

"பிச்சைமுத்து" என்றாள் வாய்விட்டு.

அந்தப் பேரை அவள் அதுவரை சொன்னதே இல்லை. யாரும் திரும்பவில்லை.

"எந்திரிச்சு வாங்க வீட்டுக்கு. வெளிய வந்து தெகைச்சு நின்னுராதீங்க, நீங்க இருந்த தெரு இல்ல இது. எண்ணெய்க்கடை இருந்த எடத்துல ஏடிஎம் நிக்கிது. புளியமரத்த வெட்டிட்டாங்க. அத அடையாளம் தேடாதீங்க. நேரா எதுத்தாப்புல பச்சை வலை கட்டுன கட்டடம். கீழ் ரூமு. ஒங்க மண்ணு வெளக்குக்குப் பக்கத்துல இருக்கு. இன்னும் வெள்ளையடிக்கல."

டம்ளர்களை மேஜையில் வைத்துவிட்டு, கையைத் துடைக்காமல் வெளியே வந்தாள். அழைத்துக்கொண்டு போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பைக்குகளுக்கு நடுவே, பின்னால் வருகிறவருக்கும் வழி விட்டு, மெதுவாகத் தெருவைக் கடந்தாள்.

"அக்கா! பொன்னுத்தாயக்கா!" வாசலிலிருந்து சிவரஞ்சனி கத்தினாள். "பாதி வேலையில எங்க போறீங்க? சொல்லிட்டாவது போங்கக்கா!"

பொன்னுத்தாய் திரும்பவில்லை.