ஆட்டுக் காதும் அத்தாட்சியும்

1. கழுதை கொடுத்த வரவேற்பு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கழுதையிடம் உதை வாங்கியவள் நான். திருநெல்வேலியில் கால்நடை ஆய்வாளராக இருந்தவள். கணவருக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்ததும் நீண்ட லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். பிளாட்டுக்குள் அடைந்து கிடந்து ஏ.சி. சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க நம்மால் முடியாது. விசாரித்துத் திரிந்ததில் அந்தக் காப்பகம் அகப்பட்டது.

ராஸ் அல் கைமா போகிற பாதையில் பிரிந்து, மணலுக்குள் கொஞ்ச தூரம் போக வேண்டும். யாரும் வேண்டாமென்று விட்டுவிட்ட ஆடு, மாடு, கழுதை, ஒட்டகமெல்லாம் அங்கே வந்து சேரும். நடத்தியவர் ஹெலன் மேடம், இங்கிலாந்துக்காரர். நல்ல மனசு, மூக்குக்கு மேல் கோபம். எனக்கும் அதே வியாதிதான் என்பதால் ஒத்துப்போனது. வண்டி ஓட்டியவர் ரஹீம் பாய், கீழக்கரைக்காரர். தமிழ் பேச அங்கே எனக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான்.

மேடம் என் சர்டிபிகேட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. குளம்பு வெட்டும் கத்தரியைக் கையில் கொடுத்து ஒரு கழுதையைக் காட்டினார். மணலிலேயே நின்றால் குளம்பு தேயாது, வளர்ந்துகொண்டே போகும். இதற்குச் செருப்பு நுனி மாதிரி மேலே வளைந்திருந்தது, நடக்கவே முடியவில்லை. முன்னங்கால் இரண்டையும் வெட்டி முடித்துப் பின்னால் போனேன். தொடையில் வைத்ததே ஒன்று! நான் மணலில் உட்கார்ந்திருக்க, மேடம் குனிந்து, நாளைக்கு வருவாயா என்று கேட்டார். கழுதைக்கு ஆட்சேபம் இல்லையென்றால் வருகிறேன் என்றேன். அன்றைக்கே வேலை உறுதியாகிவிட்டது.

அந்த இடத்தின் வாசனை இப்போதும் எனக்குள் இருக்கிறது. காலையில் ஜத் கட்டைப் பிரிக்கும்போது ஒரு பச்சை வாசனை வரும். நம்மூரில் குதிரை மசால் என்கிற தீவனப் பயிரைத்தான் அங்கே ஜத் என்பார்கள். கட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டாலே எல்லாக் கொட்டகையிலிருந்தும் கத்தல் கிளம்பும். ரஹீம் பாய் பெரிய ஒட்டகத்திடம் போய், "பொறு வாப்பா, உனக்கில்லாமலா?" என்று கீழக்கரைத் தமிழில் சமாதானம் சொல்வார். அது தமிழ் படித்த ஒட்டகம் மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காலைகளுக்காக இன்னொரு முறை உதை வாங்கலாம்.

2. இஸ்பாவில் இருந்தவர்

ஒரு கோடைக் காலையில் போன் வந்தது. பைப்லைன் வேலைக்குப் போன கேங் ஒன்று சொன்ன தகவல்: உள்ளே ஒரு இஸ்பாவில் ஆடுகள் எலும்பும் தோலுமாக நிற்கின்றன. பாலைவனத்துக்குள் கம்பி வலை அடித்து ஆடு, ஒட்டகம் வளர்க்கிற இடத்துக்கு இஸ்பா என்று பெயர். ஊருக்குள் இருக்கிற முதலாளி வாரத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மேய்க்கிற ஆளும் ஆடுகளும்தான்.

டிரிப், எலக்ட்ரோலைட், காய்ந்த புல் எல்லாம் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். போய் இறங்கியதும் மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். ஆடுகளின் முதுகெலும்பை வெளியிலிருந்தே எண்ணலாம் போலிருந்தது. சில எழுந்திருக்கவில்லை. தீவனத் தொட்டி காலி. தண்ணீர் மட்டும் கொஞ்சம் இருந்தது.

ஓலைக் கொட்டகையிலிருந்து ஒருவர் வந்தார். ஆட்டுக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. பெயர் சண்முகவேல், கமுதிப் பக்கம். நான் தமிழில் பேசியதும் என் வாயையே பார்த்தார். பிறகு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலாளியை அங்கே அர்பாப் என்பார்கள். அவருடைய அர்பாப் வயதானவர், தங்கமான மனிதர். திடீரென்று வருவது நின்றுபோனது. போன் அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். தண்ணீர் டேங்கர் ஓட்டுகிற பாகிஸ்தான்காரர் ஒருவர் மட்டும் பாவம் பார்த்து வழியில் தண்ணீர் இறக்கிவிட்டு, நாலு குபூஸ் ரொட்டியும் போட்டுவிட்டுப் போவாராம். அந்த ரொட்டியையும் இவர் ஆடுகளோடு பங்கு வைத்துத் தின்றிருக்கிறார்.

ரஹீம் பாயும் நானும் ஆடுகளுக்குச் சிறிது சிறிதாக எலக்ட்ரோலைட் தண்ணீர் காட்டினோம். அதற்குள் கொட்டகைக்குள் போன மேடம் கத்திய சத்தம் கேட்டது. ஓடினேன்.

கம்பத்தில் ஒரு பழைய பாஸ்மதி அரிசிப் பை தொங்கியது. மேடம் அதைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே முழுக்க ஆட்டுக் காதுகள். உப்பு தடவிக் காய வைத்தவை. சிலவற்றில் ஆட்டுக்கு நம்பர் போட்டு மாட்டுகிற மஞ்சள் டேக்கூட அப்படியே இருந்தது.

மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. உயிரோடு இருக்கிற ஆட்டின் காதை அறுக்கிற ஆள் என்று முடிவே கட்டிவிட்டார். போட்டோ எடுத்தார், போலீஸுக்குப் போன் போடப் போனார். சண்முகவேல் அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் போலீஸ் என்ற வார்த்தை யாருக்குத் தெரியாது? விசா முடிந்து கிடந்த மனிதர். அப்படியே மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஓடவுமில்லை, கெஞ்சவுமில்லை.

அந்த நிமிஷம் எனக்கு மேடத்தின் மேல்தான் கோபம் வந்தது. வெளியே நிற்கிற ஆடு அத்தனைக்கும் இரண்டிரண்டு காதும் முழுசாக இருக்கிறதே, பார்க்க வேண்டாமா? போனைப் பிடுங்காத குறையாக, ஒரு நிமிஷம் பொறுங்கள், முதலில் ஆளைக் கேட்போம் என்றேன். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"செத்ததுகளோட காது தாயி," என்றார். "ஆடு எங்கடான்னு அர்பாப் கேட்டா செத்துப்போச்சுன்னு வெறும் வாயால சொன்னா நம்புவாகளா? வித்துத் தின்னுட்டான்னுதான் சொல்லுவாக. அதான் பொதைக்கிறதுக்கு முந்தி ஒத்தக் காத எடுத்து வச்சிர்றது. எனக்கு வேற என்ன அத்தாட்சி இருக்கு?"

ரஹீம் பாய் தலையாட்டினார். அந்தப் பக்கத்து இஸ்பா சிலவற்றில் அப்படி ஒரு வழக்கம் உண்டாம். நான் மேடத்துக்கு மொழிபெயர்த்தேன். அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் நின்றார்.

3. "அர்பாப் சொல்லாம விட மாட்டேன்"

சரி, ஆடுகளை ஏற்றலாம் என்று வண்டியின் பலகையைச் சாய்த்தால், அண்ணாச்சி வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். அர்பாப் சொல்லாமல் ஒரு குட்டியைக்கூட வெளியே விட முடியாது என்றார். இங்கேயே நின்றால் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் என்று நானும் கத்தினேன். அவர் குரல் உயரவில்லை.

"தெரியும் தாயி. செத்தா காது இருக்கும். உசுரோட போயிட்டா நான் என்னத்தக் காட்ட?"

எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபத்தில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரஹீம் பாய்தான் வழி கண்டுபிடித்தார். மெயின் ரோட்டுத் தீவனக் கடைக்காரருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரிந்திருக்கும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் காத்திருந்தோம். என் டிபனில் எலுமிச்சைச் சாதம் இருந்தது, அதை அண்ணாச்சிக்குக் கொடுத்தேன். இரண்டு வாய் தின்றவர், மிச்சத்தை எடுத்துக்கொண்டு படுத்திருந்த கிழட்டு ஆட்டிடம் போனார். அதை அவர் மகாராணி என்று கூப்பிடுவார். எனக்கு வந்ததே கோபம்! பட்டினி கிடந்த ஆட்டுக்குச் சோறு போட்டால் வயிறு உப்பிச் செத்துவிடும், அதற்குப் புல் இருக்கிறது, நீங்கள் தின்னுங்கள் என்று அதட்டினேன். அவர் பிள்ளை மாதிரி திரும்பி வந்து உட்கார்ந்து முழுவதையும் தின்றார். பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார்.

சாயங்காலம் ரஹீம் பாயின் பின்னால் ஒரு லேண்ட் குரூஸர் வந்தது. இறங்கியவர் அர்பாபின் மகன். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சு நின்றுவிட்டதாம். இஸ்பாவை அப்பா எப்போதோ விற்றுவிட்டார் என்றே வீட்டில் நினைத்திருக்கிறார்கள்.

அண்ணாச்சி அந்தப் பையைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தார். அவர் உள்ளே பார்த்தார், ஆடுகளைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். பிறகு குனிந்து அண்ணாச்சியின் தலையில் முத்தமிட்டார். மன்னிப்புக் கேட்கும்போது அங்கே பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதை அது. தன் வீட்டுப் பெரியவருக்குச் செய்வதைத்தான் செய்தார். அண்ணாச்சி என்ன செய்வதென்று தெரியாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆடுகளைக் கொண்டுபோங்கள் என்று மகனே சொன்னார். அப்போதுதான் வாசல் திறந்தது. விசா விவகாரத்தையும் அவரே முன்னால் நின்று சரி செய்தார். ஊருக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி எங்கள் காப்பகத்துக்கே வேலைக்கு வந்து சேர்ந்தார்.

4. மகாராணி

அதன் பிறகு வந்த வருஷங்கள்தான் எனக்கு அங்கே நல்ல வருஷங்கள். அண்ணாச்சி "ஹேய்ய்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், மந்தை திரும்பும். மேடமும் அந்தக் குரலைப் பழகிப் பார்த்தார். ஒரு ஆடும் திரும்பவில்லை, கழுதைதான் திரும்பியது. அண்ணாச்சி சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மகாராணி நன்றாகத் தேறி, பல்லெல்லாம் போய், ஊறவைத்த தீவனம் தின்று வாழ்ந்தாள். ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. வயதுதான், வேறொன்றுமில்லை. நான் பார்த்துவிட்டு வந்து ரூமில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வந்து கத்தியும் கொஞ்சம் உப்பும் கேட்டார்.

எதற்கு என்று கேட்கவில்லை. மேடத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் நேரே வந்து அண்ணாச்சியின் முன்னால் நின்று, ரஹீம் பாயிடம் கற்றுக்கொண்ட ஓட்டைத் தமிழில் சொன்னார்.

"காது வேண்டாம். நீங்க சொன்னா போதும்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "நெசமாவா தாயி? நான் சொன்னாப் போதுமா?"

"போதும் அண்ணாச்சி," என்றேன்.

அவர் போய் மகாராணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுடைய இரண்டு காதையும் கையில் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். அந்த இஸ்பாவில், அத்தனை ஆட்டைப் புதைத்தபோதும், காதை அறுக்கிற வேலைதான் இருந்திருக்கும், அழுவதற்கு ஏது நேரம்?

இப்போது நான் பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டேன். காப்பகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் சில சமயம் போனில் கூப்பிட்டு, முதல் ரெஸ்க்யூவுக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்பார்கள். கயிறு, கத்தரி, எலக்ட்ரோலைட், காய்ந்த புல் என்று சொல்வேன். கூடவே இன்னொரு டிபன் கட்டிக்கொண்டு போங்கள், அங்கே ஒரு ஆளும் இருப்பார், முதலில் அவரிடம் பேசுங்கள் என்றும் சொல்வேன்.