மாமரத்தில் கட்டிய மழைக்கவசம்

பல்கலைக்கழகக் கண்காட்சியில் அன்று எங்கள் மேசையருகே நான், என் மனைவி, நடுவராக வந்த சேர் மூவரும்தான் இருந்தோம். அவர் உயரமான மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் எதையும் கேட்பார். மழை நாளிலும் ரப்பர் பால் வெட்டுவதற்காக, மரத்தைச் சுற்றிக் கட்டப் பழைய டயர் டியூபில் நான் செய்த கவசத்தைக் காட்டினேன். அப்போது வெளியே மழை பிடித்தது.

"வாங்க, அந்த மாமரத்துல கட்டிப் பாப்போம்," என்றார்.

"எல்லாரும் பாக்கயில ஒழுகிட்டா, சேர்?"

"இவரு வெயில்லயும் மழைக்குப் பயந்து குடையோட போற ஆளுங்க," என்றாள் மனைவி.

சேர் சிரித்தார். "ஒழுகட்டும். எங்கன்னு தெரிஞ்சா இப்பவே அடைக்கலாம்."

கவசத்தையும் அதன் கீழே பால் பிடிக்கும் சிரட்டையையும் மரத்தில் கட்டினோம். ஒரு பக்கம் ஒழுகியது. நான் கட்டுக்கம்பியை இறுக்கும்வரை சேர் அந்த இடத்தில் விரலை அழுத்தியபடி நனைந்துகொண்டு நின்றார். பிறகு சிரட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விழவில்லை. அதற்குள் சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. எனக்கு ஏனோ பயமே வரவில்லை.