‘பேர் இல்லை’: ஒரு கையெழுத்துக்காக ஈப்போ போய் வந்த கதை

வியாழக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குச் சுங்காய் ஸ்டேஷனிலிருந்து ஈப்போவுக்குப் புறப்படும் ரயிலில் மூன்றாம் வகுப்பில் ஏறினேன். கட்டணம் ஒரு வெள்ளி அறுபது காசு. டாக்டராக இருப்பவர் இரண்டாம் வகுப்பிலாவது போகக்கூடாதா என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார். அவரும் யாழ்ப்பாணத்தார், ஊர்க்காரனின் மானம் போகிறதே என்ற கவலை அவருக்கு. கப்பல் கட்டணத்துக்கு மிச்சம் பிடிக்கிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கப்பல் ஏறப் போகிறவன் என்ன செய்தாலும் எங்கள் ஆட்கள் மன்னித்துவிடுவார்கள்.

சுங்காயிலிருந்து ஆறு மைல் உள்ளே, சில ரப்பர் தோட்டங்களுக்குப் பொதுவான ஆஸ்பத்திரியில் நான் டாக்டர். சிங்கப்பூரில் படித்துத் தேறியவன். கொசுக் காய்ச்சலில் விழுந்தவர்களுக்குக் கொயினா மருந்து கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போய், காய்ச்சல் வராமலே தடுக்கும் வித்தையைக் கற்க வேண்டும் என்ற ஆசை பிடித்தது. அதற்கென்று பொதுச் சுகாதார மேற்படிப்பு ஒன்று வந்திருக்கிறது. டாக்டராகத் தேறியவர்கள் மேலும் ஒரு வருடம் படிக்க வேண்டும். லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் எழுதிப் போட்டேன். இரண்டு இடத்திலிருந்தும் ஏறத்தாழ ஒரே பதில் வந்தது: ஒரு சுகாதார அதிகாரியின் கீழ் ஆறு மாதம் களப்பணி செய்ததாகச் சான்றிதழ் வேண்டும், அந்தப் பணியைப் பற்றிய அறிக்கையும், களத்தில் எடுத்த குறிப்புகளின் நகலும் வேண்டும்.

மனம் கல்கத்தாவின் பக்கம்தான் சாய்ந்திருந்தது. செலவு பாதி. அங்குள்ள காய்ச்சலும் எங்கள் காய்ச்சலும் ஒரே ஜாதி. லண்டனில் நரகல் குழாயைப் பற்றியும் பனியைப் பற்றியும் படித்துவிட்டு வந்து சுங்காயில் என்ன செய்வது? என் தகப்பனார் மட்டும் லண்டன், லண்டன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதிக்கொண்டிருந்தார்.

களப்பணிக்கு ஆற்றோரத்துத் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். சதுப்பில் வாய்க்கால் வெட்டச் செய்தேன். தேங்கிய நீரில் வாரம் ஒருமுறை மண்ணெண்ணெய் தெளிக்க வைத்தேன். தினமும் கூலியாட்கள் குடியிருக்கும் ஒவ்வொரு லயத்திலும் காய்ச்சல் எப்படி என்று ஒரு நோட்டில் தமிழில் குறித்துவைக்கும்படி தோட்டத்துக் கிராணியிடம் சொன்னேன். கணக்கு எழுதுகிற அந்த மனிதரின் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். முதல் இரண்டு மாதம் ‘காய்ச்சல், பேர் நாலு’, ‘காய்ச்சல், பேர் ஆறு’ என்று வந்தது. மூன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை முதல் ‘காய்ச்சல், பேர் இல்லை’. அடுத்த நாளும் பேர் இல்லை. அதன் பிறகு ஆறு மாதம் முடியும்வரை எல்லா லயத்திலும் பேர் இல்லை. ஆஸ்பத்திரியில் அந்தத் தோட்டத்துக் கட்டில்களும் காற்று வாங்கின. மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோடு போட்ட தாளில் காய்ச்சலின் ஏற்ற இறக்கத்தைச் சிவப்பு மையால் வரைந்து, அது சரிந்து தரையைத் தொட்ட இடத்தில் ‘வாய்க்கால் முடிந்தது’ என்று எழுதினேன். அந்தத் தாளுக்கும் அறிக்கைக்கும் நோட்டுக்கும் எடுத்த நகல்களும், கிராணியின் நோட்டும் என் மடியிலிருந்த தோல் பையில் இருந்தன. அறிக்கை, நோட்டின் ஒரு நகலோடு, மூன்று வாரம் முன்பே ஈப்போ போய்விட்டது. இனிச் சுகாதார அதிகாரியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

இந்தப் பக்கம் வந்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: சுங்காயிலிருந்து ஈப்போ ஏறத்தாழ ஐம்பது மைல். பீடோர் வரை இரண்டு பக்கமும் ரப்பர்தான். வரிசை வரிசையாக ஒரே மரம், ஒரே உயரம்; பத்து நிமிடம் பார்த்தால் கண் அயர்ந்துவிடும். தாப்பா ரோடு தாண்டியதும் மரங்கள் விலகி, ஈயம் தோண்டிய குழிகளும் வெள்ளை மணலும் வருகின்றன. குழிகளில் தேங்கிய நீரைப் பார்த்தால் மற்றவர்களுக்கு நீல நிறம் தெரியும். எனக்குக் கொசு தெரியும். இந்தப் படிப்புக்கு ஆசைப்பட்ட நாள் முதல் எனக்கு இயற்கைக் காட்சி என்று ஒன்று கிடையாது.

எட்டரை மணிக்குத் தாப்பா ரோட்டில் வண்டி நின்றபோது, எதிர்ப் பலகையில் இருந்த பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள். முப்பது வயதிருக்கும். மடியில் துணி மூட்டை.

“ஐயா ஆசுபத்திரி டாக்டருங்களா? வாய்க்கா வெட்டயில வந்து நின்னீங்களே.”

அதே ஆற்றோரத் தோட்டத்துப் பெண். பெயர் மருதாயி, பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறவள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

“ஈப்போ பெரியாசுபத்திரிக்குங்க. வீட்டுக்காரரு அங்க கெடக்குறாரு. ஈப்போ பக்கத்துல சிலிபின்ல எங்கண்ணன் இருக்கு, ரயில்வேயில வேலை. அதுதான் வந்து கூட்டிட்டுப் போச்சு.”

“என்ன வருத்தம் அவருக்கு?”

“காய்ச்சலுதாங்க. வேற என்ன.”

வெளியூர் எங்காவது போய் வந்திருப்பார், அங்கே பிடித்திருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். பெருமை விடவில்லை. பையிலிருந்து கிராணியின் நோட்டை எடுத்து விரித்தேன்.

“உங்கட தோட்டத்தில இப்ப காய்ச்சலே இல்லை, தெரியுமோ? இஞ்ச பாருங்கோ, கிராணியே எழுதியிருக்கிறார். முதல் லயம், காய்ச்சல், பேர் இல்லை. ரெண்டாம் லயம், காய்ச்சல், பேர் இல்லை.”

“ஆமாங்க,” என்றாள் மருதாயி. “பேரு இல்லதான்.”

“அதைத்தான் சொல்லுறன். ஒரு பேரும் இல்லை.”

“அரைப்பேருகூட இல்லீங்க.”

அரைப்பேர் என்றதும்தான் எனக்கு எங்கோ இடித்தது. காய்ச்சலில் பாதி ஆள் எப்படி விழுவான்? அரைப்பேர் என்றால் என்ன என்று கேட்டேன். டாக்டருக்கு இது தெரியாதா என்று அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள்.

“விடியக்காலம் பெரட்டுல வரிசையா நின்னு வேலைக்கிப் போனா ஒரு பேரு போடுவாங்க. ஒரு நாள் சம்பளங்க. பாதி வேலைன்னா அரைப்பேரு. முன்னாடி காய்ச்சல்னு துண்டுச் சீட்டு வாங்கிக்கிட்டு ஒங்க ஆசுபத்திரிக்கி வந்தாலும் பேரு விழும். பொறவு தோட்டத்துத் தொரை சொல்லிட்டாரு, காய்ச்சல்னு படுத்தா இனிமே பேரு இல்லேன்னு. அதான் கிராணி அப்படி எழுதுறாரு. காய்ச்சல், பேர் இல்லை.”

“அப்ப காய்ச்சல்?”

“காய்ச்சலுக்கென்னங்க, அது பாட்டுக்கு இருக்கு.”

ஊரில் பேர் என்றால் ஆள். பத்துப் பேர் என்றால் பத்துப் பேர்தான். இந்தத் தோட்டங்களில் பேர் என்றால் ஆள் நின்ற நாள், அதற்குரிய கூலி. இரண்டு வருடமாக இவர்கள் நடுவில் இருக்கிறேன். பேர், பேர் என்று காதில் விழாத நாளில்லை. சுத்தத் தமிழ் பேசும் யாழ்ப்பாணத்தான் இந்தக் கூலித் தமிழைக் காது கொடுத்துக் கேட்க வேண்டுமா என்ற திமிர் எனக்கு. வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில்கள் ஏன் காலியாயின என்பதும் அதோடு விளங்கியது. வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்று வராமல் இருந்திருக்கிறார்கள். அவள் புருஷன் தங்கவேலு காய்ச்சலோடு பத்து நாள் வெட்டுக்குப் போய், மரத்தடியிலேயே விழுந்திருக்கிறான்.

நோட்டில் எழுதியிருப்பதை நான் எப்படிப் படித்தேன் என்று அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. மருதாயி சிரிக்கவில்லை.

“அப்ப எங்களுக்குக் காய்ச்சலே இல்லேன்னு மேல எழுதிக் குடுத்திட்டீங்களாய்யா?”

“ஈப்போவில சுகாதாரத் துரையைப் பாத்து இண்டைக்கே மாத்திப்போடுவன்,” என்றேன். அப்போது உண்மையாகவே சொன்னேன்.

காம்பாரில் வண்டி பத்து நிமிடம் நின்றது. மூன்று காசுக்கு ஒரு கோப்பை கோப்பி வாங்கி அவளுக்குக் கொடுத்தேன். சுண்ணாம்புக் குன்றுகள் இரண்டு பக்கமும் செங்குத்தாக எழும்பி வந்தன. பார்க்கத் தகுந்தவை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பத்தே காலுக்கு ஈப்போ. ஸ்டேஷன் கட்டடம் அரண்மனைதான். கோபுரக் கூண்டும் வளைவுகளுமாக, ரயிலுக்கு இது வேண்டுமா என்று தோன்றும். மருதாயி பெரியாஸ்பத்திரிக்கு நடந்து போனாள். நான் இருபது காசுக்கு ரிக்ஷா பேசிச் சுகாதார அதிகாரியின் அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். நாற்பத்தைந்து நிமிடம் பெஞ்சில் உட்கார வைத்து உள்ளே கூப்பிட்டார்கள்.

சுகாதார அதிகாரி வெள்ளைக்காரத் துரை, ஐம்பது வயது. தோட்டங்களைச் சுற்றியே தலை நரைத்தவர். என் அறிக்கை அவர் மேசையில், சிவப்புக் கோட்டுத் தாள் மேலாக இருந்தது. அருமையான வேலை என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். சான்றிதழ் தட்டெழுதித் தயாராக இருந்தது. பேனாவை மையில் தோய்த்தார்.

நான் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். பேர் என்ற சொல்லை நான் படித்த விதம், அதன் தோட்டத்து அர்த்தம், ரயிலில் கேட்டது, எல்லாம். அவர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு தமிழில் பேசினார். கங்காணிகளிடம் கற்ற தமிழ்.

“பேர் இல்லேன்னா கூலி இல்லே. நோட்டு பாத்தப்பவே எனக்குத் தெரியும். நீ தமிழன்தானே, ஒனக்குத் தெரியாதா?”

முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. தோட்டத் தமிழில் பரீட்சை எழுதித் தேறிய வெள்ளைக்காரனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தெரிந்தும் மூன்று வாரம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். அதுதான் இன்னும் எரிந்தது.

பிறகு ஆங்கிலத்துக்கு மாறி விளக்கினார். வாய்க்கால் வெட்டினால் காய்ச்சல் போகும் என்று கம்பெனிகளை நம்பவைக்க அவருக்கு ஒரு தோட்டம் தேவையாம். என் கோடு அதற்கு வாய்ப்பாக அமைந்ததாம். ஆற்றோரத் தோட்டம் இனிச் சுத்தம் என்பதால் அங்கே எண்ணெய் தெளிப்பதையும் கொயினா கொடுப்பதையும் வருகிற மாதத்திலிருந்து நிறுத்தச் சிபாரிசு செய்தாகிவிட்டதாம்.

“அங்கே காய்ச்சல் இருக்கிறது, ஐயா,” என்றேன்.

“இருக்கலாம். நீ தாராளமாகத் திருத்து. ஆனால் திருத்தினால் நீ செய்தது ஆறு மாதக் களப்பணி ஆகாது. கூலிக் கணக்கைப் படி எடுத்தாய், அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து தொடங்கு. அடுத்த வருடம் கையெழுத்துப் போடுகிறேன்.” கடிகாரத்தைப் பார்த்தார். “அல்லது இப்போதே போடுகிறேன். எது வேண்டும்?”

ஒரு வருடம். இந்தக் கையெழுத்து இருந்தால் இரண்டு கல்லூரிகளிலும் இந்த வருடத்து இடம் கையில். அடுத்த வருடம் கிடைக்கும் என்று யார் சொன்னது? படித்துவிட்டு வந்தால் பத்துத் தோட்டங்களைச் சுத்தம் செய்யலாமே, ஒரு தோட்டத்துக்காக அதை விடுவதா? இந்த நியாயமெல்லாம் அந்த அறையில் நின்ற அரை நிமிடத்தில் தோன்றியது என்றால் பொய். அப்போது தோன்றியது ஒன்றுதான்: எனக்கு வேண்டும். நியாயங்கள் ரிக்ஷாவில் ஏறிய பிறகு வந்து சேர்ந்தன.

“இப்போதே போடுங்கள்,” என்றேன். போட்டார்.

மூன்று மணிக்குப் பெரியாஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். போகாமல் இருந்திருக்கலாம், கால் போயிற்று. நீளமான வார்டின் கடைசிக் கட்டிலில் தங்கவேலு கிடந்தான். கண் மஞ்சள், உதடு வெடித்திருந்தது. நாடி பார்த்தேன். வயிற்றை அழுத்தினேன், மண்ணீரல் தொப்புள்வரை வந்திருந்தது. இது பத்து நாள் காய்ச்சலில் வருவதில்லை. மாதக்கணக்கில் காய்ந்திருக்கிறான், நான் கோடு வரைந்துகொண்டிருந்த மாதங்களில். மருதாயி பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

“தொரையப் பாத்தீங்களாய்யா? மாத்தியாச்சுங்களா?”

“ஓம், மாத்தியாச்சு,” என்றேன்.

அவள் குனிந்து புருஷன் காதருகே சத்தமாகச் சொன்னாள். “கேட்டுக்கிட்டீங்களா? நம்ம காய்ச்சல டாக்டரய்யா கணக்குல எழுதிட்டாரு.”

தங்கவேலு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். கும்பிடுவதற்குக் கையைத் தூக்கப் பார்த்தான். நான் அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

நாலரை மணிக்கு ஈப்போ தபால் நிலையத்தில் இருந்தேன். இரண்டு உறைகளிலும் முன்னதாகவே விலாசம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். சான்றிதழின் மூலம் ஒன்றுதான். ஆகவே ஓர் உறைதான் போக முடியும். சான்றிதழ், அறிக்கை, சிவப்புக் கோடு, கிராணியின் நோட்டின் நகல் எல்லாவற்றையும் அடுக்கி, கல்கத்தா உறையில் பாதிவரை நுழைத்துவிட்டேன். அங்கேயே கை நின்றது. அந்தக் கல்லூரியில் சென்னையிலிருந்து போன தமிழ் டாக்டர்கள் இருப்பார்கள். இலங்கை மலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவராவது இருப்பார். அவர் கையில் இந்த நகல் கிடைத்தால் முதல் பக்கத்திலேயே நிமிர்ந்து உட்காருவார்.

தாள்களை உருவி மற்ற உறையில் போட்டேன். தபால்தலை ஒட்டினேன். பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றேன்.

ஐந்தே கால் வண்டியில் திரும்பினேன். அதே குழிகள், அதே ரப்பர். சுங்காய் ஸ்டேஷன் மாஸ்டர் விளக்கோடு காத்திருந்து, எந்த ஊர் என்று முடிவாயிற்றா என்று கேட்டார். சொன்னதும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தகப்பனாருக்கும் எழுதிவிட்டேன், அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். மகன் பேர் எடுத்துவிட்டான் என்று நாலு பேர் அவரிடம் சொல்வார்கள். ஏன் லண்டன் என்று கேட்பவர்களுக்கு, அங்கே படிப்பு உயர்வானது என்று பதில் சொல்லப் பழகிவருகிறேன். அது எப்படியோ எனக்குத் தெரியாது. அங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.