சாவியை எடுத்த பிறகும் ஓடிய எஞ்சின்

எழுபத்தெட்டாம் ஆண்டு, புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் ஒரு மெக்கானிக் ஷெட். என் டிரைவரை நாலு பேர் முன்னால் திருடன் என்று நான் சொன்னது அங்கேதான்.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்ததால் டாக்சி என் மனைவி பெயரில் ஓடியது. மிகப் பழைய கார். பெட்ரோல் விலை ஏறியபோது அதன் எஞ்சினை இறக்கிவிட்டு ஒரு டீசல் எஞ்சினைப் பொருத்தினோம். அப்போது பல டாக்சிகள் அப்படி மாறிக்கொண்டிருந்தன. டிரைவர் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரர். அவருடைய அண்ணனுக்கு விசைப்படகில் பங்கு உண்டு. கடலுக்குப் போகப் பிடிக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவர் இவர் ஒருவர்தான்.

சத்தத்தைப் பற்றி முதலில் சொன்னதே அவர்தான். "சார், மிதிக்காமலே வண்டி எகிறுது சார். வளைவுல திரும்பினா ஊய்ங்குனு ஒரு தபா ஏறி எறங்குது. எங்கனா காட்டுங்க."

நான் உடனே காட்டவில்லை. ஒரு நோட்டில் தேதி, நேரம், போன இடம், சத்தம் வந்ததா என்று எழுதத் தொடங்கினேன். எதையும் எழுதிப் பார்த்தால் விளங்கிவிடும் என்று நம்புகிறவன் நான். இரண்டு மாதத்தில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. திங்கள் முதல் சனி வரை, ஊருக்குள்ளே ஓடும்போது, சத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பார்க்க வருகிறவர்களை மாமல்லபுரத்துக்கு ஏற்றிப்போகும்போது மட்டும் வருகிறது. ஞாயிறு மதியம் டிரைவர் சாப்பிடுவது குப்பத்தில், தன் வீட்டில். அண்ணனின் படகுக்கு வேண்டியது டீசல். டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் எஞ்சின் தாறுமாறாகச் சத்தமிடும் என்று எங்கோ படித்திருந்தேன். மீதியை என் மனம் தானாகவே எழுதிக்கொண்டது.

அந்த ஞாயிறு சவாரியை ரத்து செய்துவிட்டு டிரைவரையும் வண்டியையும் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, நீளமான திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் பொருத்திக்கொண்டார். இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் குழாயின் நட்டைத் தளர்த்தி, மறுபடி முறுக்கினார்.

"நாலும் ஒரே மாதிரிதான் பேசுது. கீழ எதுவும் கெட்டுப்போவல சார்."

"மண்ணெண்ணெய் கலந்திருந்தால்?" என்றேன்.

"எவன் கலக்கறான்?"

நான் டிரைவரைக் காட்டினேன். நோட்டைப் பிரித்து, ஞாயிறுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு பேர் கிளாஸோடு எழுந்துவந்து கேட்டார்கள். "என் டீசலைத் திருடி அண்ணன் படகில் ஊற்றிவிட்டு, குறைந்த அளவுக்கு மண்ணெண்ணெய் கலக்கிறாய். நாளையிலிருந்து வேலைக்கு வராதே" என்று முடித்தேன்.

டிரைவர் கோபப்படவில்லை. "இன்னா சார் இது?" என்றார். "ஞாயித்துக்கெழம நான் வூட்டுக்குப் போறது சோறு துன்ன சார்."

மெக்கானிக் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "பேஜாரு அப்பறம் பாத்துக்கலாம். யாராச்சும் ஒக்காந்து ரேஸ் பண்ணுங்க" என்றார். டிரைவர் கதவில் கை வைத்தார். நான் அவரை விலக்கிவிட்டு உட்கார்ந்து, ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.

எஞ்சின் ஏறியது. காலை எடுத்தேன். அது இன்னும் ஏறியது. நிறுத்தும் குமிழைப் பிடித்து இழுத்தேன், டீசல் நின்றிருக்க வேண்டும், எஞ்சின் நிற்கவில்லை. சாவியைத் திருகி வெளியே எடுத்துவிட்டேன். சாவி என் கையில் இருக்கிறது, எஞ்சின் கூச்சலிட்டுக்கொண்டே மேலே மேலே போகிறது. பின்னாலிருந்து கிளம்பிய நீலப் புகையில் டீக்கடை மறைந்துபோனது. அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

"எறங்கு சார்! வெடிச்சிரும்!" மெக்கானிக் கத்திக்கொண்டே ஓடினார். நானும் எப்படி இறங்கினேன் என்று தெரியாமல் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றேன்.

டிரைவர் ஓடவில்லை. நான் திறந்துபோட்ட கதவு வழியாக உள்ளே ஏறினார். கிளட்ச்சை மிதித்து டாப் கியரில் தள்ளி, பிரேக்கின்மேல் ஏறி நின்றதுபோல் அழுத்தி, கிளட்ச்சை ஒரேயடியாக விட்டார். கார் துள்ளிப்போய் ஷெட் வாசலில் இருந்த காலி டிரம்மைச் சாய்த்து நின்றது. பிரேக் பிடித்த சக்கரங்களை இழுக்க முடியாமல் எஞ்சின் அடங்கிவிட்டது. அவர் நெற்றியில் ரத்தம்.

நான் திரும்பி வந்தபோது, மெக்கானிக் காற்று வடிகட்டியின் கிண்ணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். தூசியைப் பிடிப்பதற்காக அதில் கொஞ்சம் ஆயில் நிற்கும். இப்போது விளிம்பு வரை நின்றது. அடியில் களிமண்போல் கறுப்புச் சேறு.

"டீசல் இல்லாமயே ஏன் ஓடுச்சுனு தெரியுதா? இந்த ஆயிலைக் குடிச்சுகினு ஓடிச்சு." அவர் டிரைவர் பக்கம் திரும்பினார். "அண்ணாத்த, எவன்யா இவ்ளோ ஊத்தினது?"

"எனுக்கு இன்னா தெரியும்? பானெட்டைத் தொறக்கவே சார் வுட மாட்டாரு."

ஊற்றியது நான். எஞ்சின் மாற்றியபோது, வாரம் ஒருமுறை பழைய ஆயிலைக் கொட்டி, கிண்ணத்தைக் கழுவி, கோடு வரை புதிது ஊற்றச் சொல்லியிருந்தார்கள். நல்ல எண்ணெயைத் தரையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை காலை நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டதும், கையோடு வண்டிக்கும், பழையதைக் கொட்டாமல் அதன்மேலேயே, ஒரு டம்ளர் எஞ்சின் ஆயில் விட்டுவிடுவேன். சனிக்கிழமை ஊற்றியதை ஞாயிறு வேகத்தில் எஞ்சின் உறிஞ்சியது. மிச்ச நாள் சும்மா இருந்தது. நோட்டில் எல்லாம் இருந்தது. எண்ணெய் ஊற்றியதை மட்டும் நான் எழுதவில்லை. சனிக்கிழமைக் கதையை மெக்கானிக்கிடம் சொன்னேன்.

"உங்க தலைக்கு எண்ணெ வெச்சா சூடு எறங்கும் சார்," என்றார் மெக்கானிக். "வண்டிக்குங்கூடவா?" டீக்கடையிலிருந்து வந்தவர்கள் சிரித்தார்கள்.

டிரைவர் சிரிக்கவில்லை. "திருடன்னு இவங்க முன்னாடி சொன்னீங்க. இல்லன்னும் இவங்க முன்னாடியே சொல்லிடுங்க சார்."

சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். முதல் முறை தரையைப் பார்த்து, இரண்டாம் முறை அவர்கள் முகத்தைப் பார்த்து. அவர் தலையாட்டிவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

ஒரு பிஸ்டன் போயிருந்தது. வண்டி சரியாகிவர மூன்று வாரம் ஆயிற்று. ஒரு வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். அவர் அண்ணனோடு படகிலிருந்து ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். கடல் பிடிக்காத மனிதர், இடுப்பளவு தண்ணீரில் நின்றார். என்னைக் கண்டதும் கரைக்கு வந்தார்.

"சத்தம் நின்னுச்சா சார்?"

"நின்றுவிட்டது. சனிக்கிழமையிலிருந்து நீங்கள் வரவேண்டும்."

"அப்ப நல்ல வண்டி சார். யார் வேணா ஓட்டலாம்," என்று சொல்லிவிட்டு, அடுத்த பெட்டியைத் தூக்கத் தண்ணீருக்குள் திரும்பினார்.