வெளியேறும் தொகுதியின் மனைவி

"எல்லாம் சேர்ந்தே நடக்கணும். யாரும் முந்தக் கூடாது" என்றபடி வேதியியல் டீச்சர், கடைசி பெஞ்சில் தூங்கி வழிந்தவனை எழுப்பி ஹைட்ரஜனாக நிறுத்தினார்.

பக்கத்துப் பக்கத்துக் கார்பன்களிலிருந்து ஆளுக்கொன்று கழன்றுபோக, நடுவில் இரட்டைப் பிணைப்பு உண்டாகும் நீக்கல் வினையைக் கரும்பலகையில் மட்டும் நடத்த அவருக்கு மனசு ஒப்பாது. மாடி அறை டியூஷனில் ஆட்களை வைத்தே நடத்துவார். டீச்சரும் ஒரு மாணவியும் கைகோத்து நின்றால் இரண்டு கார்பன். மாணவியின் மறுகையில் ஹைட்ரஜன், அதைப் பிடுங்கக் காரமாக இன்னொரு மாணவன். டீச்சரின் மறுகையில், பிடியை விட்டு விலகிப் போகவேண்டிய அணுக்கூட்டமான வெளியேறும் தொகுதி. அந்த வேடம் வருஷா வருஷம் அவருடைய கணவருக்குத்தான். வங்கியில் வேலை பார்க்கும் சாது. தெருவில் பிள்ளைகள் "வெளியேறும் தொகுதி சார், வணக்கம்" என்றால் திரும்ப வணக்கம் வைப்பார்.

டீச்சருக்கு உலகமே இரண்டு வகை. காரமாக நிற்பவன் ஹைட்ரஜனைப் பிடுங்கும் அதே நொடியில் தொகுதியும் விலகினால் ஈ-டூ, ஒழுங்கான குடும்பம். தொகுதி முதலில் கிளம்பிப் போய், கார்பன் நேர்மின்சுமையோடு தனியே நிற்க, மற்றது பிறகு நடந்தால் ஈ-ஒன். குக்கர் விசில் அடிக்கும் முன்பே தட்டோடு உட்காருவதுகூட அவர் கணக்கில் "ஈ-ஒன் புத்தி".

இந்த வருஷம் கணவருக்கு வெளியூர் மாற்றல் வந்தது.

"நான் முன்னாடி போய் வீடு பாக்கறேன். பசங்க பரீட்சை முடிஞ்சதும் நீ வந்துடு."

"அது ஈ-ஒன். நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்க, நான் நேர்மின்சுமையோட இங்க தவிக்கணும்."

"கரண்ட் பில்லுதான் கட்டியாச்சேம்மா."

பேச்சு முடிவதற்குள் கிளம்பும் நாள் வந்துவிட்டது. பெட்டியோடு படியிறங்கியவரை, "இந்த ஒரு பாடம் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்று டீச்சர் மாடிக்கே திருப்பி இழுத்து வந்திருந்தார். ரயில் நினைப்பில் மனிதர் முதல் தடவை முந்திக்கொண்டு கையை விட்டார். இரண்டாம் தடவையும் அதே கதை. "ஈ-ஒன்" என்று வகுப்பு மொத்தமும் கூவியது.

மூன்றாம் தடவை காரம் பலமாக இழுத்ததில் ஹைட்ரஜன் பெஞ்சில் போய் விழுந்தான். மாணவியின் காலியான கை இரண்டாவது பிணைப்பாக டீச்சரின் தோளைப் பிடித்தது. டீச்சர் மட்டும் கணவரின் மணிக்கட்டை விடவில்லை.

"மிஸ், இப்போ நீங்க விடணும்."

"தெரியும். இதுதான் இடைநிலை. பாதி விட்ட மாதிரி, பாதி பிடிச்ச மாதிரி."

"அது கண் சிமிட்டற நேரம்கூட நிக்காதுன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?"

"ரயிலுக்கு நேரமாச்சும்மா" என்றார் கணவர், மெதுவாக.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க" என்ற டீச்சர், பிடித்த பிடியை விடாமலே, அவருடைய பெட்டியைக் காலால் மெல்ல மேசைக்கு அடியில் தள்ளினார்.